உப்புத்தாள்

ஏழாம் எண் படுக்கை மிஸ்டர் கோ,
ரத்த அழுத்தம் பார்க்க மணிக்கட்டைத் தொட்டதும்
வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.
"மிஸ்ஸி, கெர்த்தாஸ் பாசிர்."
மலாயில் அது மணல் தாள்.
நமக்கு உப்புத்தாள்.
எந்த மொழியிலும் தேய்ப்பதற்கானது.

நாற்பது ஆண்டு அலமாரி செய்தவர்.
என் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
நம்பரும் சொன்னார்:
எண்பது.
எண்பது என்றால் முரட்டு ரகம்,
பெயிண்ட் உரிப்பதற்கு.

கோபம் வரவில்லை.
அந்த இரவில் மட்டும்
அறுபத்துமூன்று முறை கிருமிநாசினி தேய்த்திருந்தேன்.
படுக்கையை நெருங்கும்போது ஒன்று,
விலகும்போது ஒன்று,
இடையில் சோப்பு.
வெளியே ஈசூன் காற்றைப் பிழிந்தால்
ஒரு வாளி தண்ணீர் வரும்;
உள்ளே ஏர்கான்
என் புறங்கையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தது.

மேல்தோல் செத்த செல்களின் சுவர்தான்.
செத்தும் காவல் நிற்பவை.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசியிருந்த கொழுப்பை
நானே கழுவி விட்டேன்,
பிறர் நலனுக்காக, விதிமுறைப்படி.
விரல் மடிப்பில் விரிசல் விழுந்தது.
எலுமிச்சை பிழிந்த அன்று
அது தன் இருப்பைத் தெரிவித்தது.

மாரிசெல் தன் பையிலிருந்து
வால் சுருட்டிய ட்யூப் ஒன்றை எறிந்தாள்.
"பாதி எனக்கு வை."
வாசனையே இல்லை.
விடியற்காலை முதல் ரயிலில்
பொடி எழுத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்தேன்:
பாந்தெனால்.
பெயரின் வாலில் 'ஆல்'.
ஆல்கஹால் வீட்டுப் பிள்ளை!
அண்ணன் திருடிவிட்டுப் போன வீட்டுக்கு
ஒன்றுவிட்ட தங்கை
குடமும் கையுமாக வந்து நிற்பது போல.

அவள் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை.
செருப்பு மாட்டிப் புறப்பட்டுவிட்ட தண்ணீரிடம்
'இரு, ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போ' என்கிறாள்.
தண்ணீர் உட்கார்ந்துவிடுகிறது.
கொஞ்சம் கீழே இறங்கி
உயிருள்ள அடுக்கில் உடை மாற்றி
வைட்டமின் ஆகிறாள்.
அங்கே கொழுப்பு நெய்யும் பட்டறைக்கு
நூல் எடுத்துக் கொடுக்கிறாள்.
சிவப்பு, கத்திக் கத்திக் களைத்த குழந்தையாய்
மெல்ல அடங்குகிறது.
ஒரே இரவில் அல்ல.
ஏழு நாள், பத்து நாள்.
நடுவில் இரண்டு நாள் பூச மறந்தேன்,
விரிசல் மறக்கவில்லை.

அந்த வைட்டமின் பெயருக்குக் கிரேக்கத்தில்
'எல்லாப் பக்கமிருந்தும்' என்று பொருளாம்.
எந்த உணவைத் துழாவினாலும் கிடைத்ததாம்.
நான்கு மணிக்கு வார்டைப் பார்த்தேன்.
மாரிசெல் இலோய்லோவிலிருந்து.
தரை துடைக்கும் தின் தின் மண்டலேயிலிருந்து.
நான் செம்பவாங்கிலிருந்து, இரண்டு ஸ்டேஷன்தான்.
எல்லோர் கையிலும் அதே விரிசல்.
ட்யூப் சுற்றி வந்தது.

மிஸ்டர் கோ நாள்தோறும் தொட்டு மதிப்பிட்டார்.
நூறு.
நூற்றைம்பது.
ஒருநாள் முகம் சுளித்து மறுபடி நூறு
(நான் மறந்த அந்த இரண்டு நாள்).
பிறகு இருநூற்று இருபது.
அது வார்னிஷுக்கு முன் தேய்ப்பது என்றார்.
அவருடைய முழங்கால் கீழேயும் செதில் செதிலாக இருந்தது.
கேட்காமலே பூசினேன்.
"மரத்துக்கு எண்ணெய்" என்று மட்டும் முனகினார்.

நேற்று இரவு மூன்றே கால்.
பட்டையைச் சுற்றி, மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டேன்:
இன்றைக்கு என்ன நம்பர், அங்கிள்?
பதில் இல்லை.
மானிட்டரைப் பார்த்தேன், மூச்சைப் பார்த்தேன்.
தூங்கிவிட்டிருந்தார்,
கையை என் கையிலேயே போட்டுவிட்டு.

நூற்று முப்பதுக்கு எண்பது.
அந்த எண்பதைக் குறிக்கும்போது
சிரிப்பு வந்துவிட்டது.
மாரிசெல் திரும்பிப் பார்த்தாள்.
அப்புறம் சொல்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு
கிருமிநாசினியை அழுத்தினேன்.